ஐவி பொய் சொல்லவில்லை

ஐவியின் மகளுடைய கிளினிக் கொப்பியில், பதினோராம் பக்கத்தில், நீல மையில் இங்கிலீஷில் ஒரு வரி இருக்கிறது. 'தாய் மருந்து ஒழுங்காகக் கொடுப்பதில்லை. கேட்டால் பொய் சொல்கிறார்' என்பது அதன் அர்த்தம். எழுதிய டொக்டருக்கு அரை நிமிடம் போயிருக்கும். ஐவி அதை இரண்டு வருடத்துக்கு மேல் சுமந்தாள். ஆஸ்பத்திரியில் கொப்பியை யார் திறந்தாலும் முதலில் அந்த வரியைப் படிப்பார்கள், பிறகு ஐவியின் முகத்தை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 

என் பெயர் றொசானா. லிந்துலைக்கு மேலே ஊசிக்கல் தோட்டத்தில் பதினேழு வருடமாகப் பிள்ளைக்காம்பராவை நடத்துகிறேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை மாறியது, கூரைத் தகரம் மாறவில்லை. தோட்டத்தில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். இருக்கட்டும். யார் யார்மேல் கோபப்பட எனக்கு நியாயம் இருக்கிறது என்பதை, இதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஐவி இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். இப்போது முப்பத்திரண்டு வயது. கொட்டகலையில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தாள். கணக்குப் பாடம் காலை வாரிவிட்டது, அடுத்த மாதமே முதுகில் கொழுந்துக் கூடை. அவளுடைய புருஷன் லியனார்ட் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் ஏற்றி இறக்குகிறான், மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவான். ஐவி அதிகம் பேச மாட்டாள். ஒன்றைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டால் செய்துவிட்டுத்தான் உட்காருவாள். எங்கள் மாதா கோயிலைக் கூட்டுகிற முறை அவளுக்கு வந்தால், பனி கொட்டினாலும் மழை ஊற்றினாலும் விடியுமுன் வந்து கூட்டிக் கழுவிவிட்டுப் போயிருப்பாள். நாங்கள் போய் விளக்கைப் போட்டால் தரை ஈரமாக இருக்கும். அப்படிப்பட்டவளைத்தான் பொய்க்காரி என்று எழுதினார்கள்.

மகள் அனுஷ்கா பிறந்தது 2021 மார்ச்சில். பிறந்த இரண்டாம் நாள் குதிங்காலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. பிள்ளையின் கழுத்துக்குள் இருக்கவேண்டிய தைரொயிட் சுரப்பி சரியாக உண்டாகவில்லை என்றார்கள். அது சுரக்கவேண்டியதை மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். உடம்பில் சேராவிட்டால் வளர்த்தியும் நிற்கும், மூளையும் நிற்கும். முதல் மூன்று வருடம் ரொம்ப முக்கியம். ஐவி இதை மனப்பாடம் செய்துகொண்டாள். "காலையில வெறும் வயித்துல. ஒரு நாளும் தவறக் கூடாது. ஆயுசுக்கும் குடுக்கணும்" என்று ஜெபம் சொல்வது போல என்னிடம் சொல்வாள்.

எண்பத்து நாலு நாள் பிரசவ லீவு முடிந்ததும் பிள்ளையை என்னிடம் விட்டாள். முதல் ஒரு வருடம் மாத்திரையை அவளேதான் கொடுத்தாள். விடியக்காலை அடுப்பு மூட்ட எழும்பும்போது, மாத்திரையை நசுக்கி, ஆறிய தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் ஊட்டுவாள். பிள்ளை சப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அந்த ஒரு வருடம் இரத்த ரிப்போர்ட் எல்லாம் நன்றாக வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டொக்டர்மார் வைத்துக்கொள்ளவில்லை.

2022 நடுவில் நாடே கவிழ்ந்தது. எண்ணெய் இல்லை, பஸ் இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. வெளியில் வாங்கிக்கொள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஐவி ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு லிந்துலையிலிருந்து தலவாக்கலைக்கு நடந்தாள். அங்கே இல்லை. ஒரு லொறிக்காரனின் கையைக் காலைப் பிடித்து ஹட்டனுக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, காதில் கிடந்ததை அடகு வைத்து ஒரு போத்தல் வாங்கி வந்தாள். ஊருக்கு வந்து சேர இரவாகிவிட்டது. மறுநாள் காலை அவளுக்குப் பதினாலு மாதப் பிள்ளை செய்த கைம்மாறு, அந்த மாத்திரையை முகத்திலேயே துப்பியது.

பல் முளைத்து, ருசி தெரிந்துவிட்டது. கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்ளும், மீறி ஊட்டினால் வாந்தி எடுக்கும். காலையில் ஏழு மணிக்குப் பெரட்டு, அதாவது ஆட்களின் பெயர் கூப்பிட்டு மலை பிரித்துவிடுகிற நேரம். பெயர் கூப்பிட்டு முடிந்தபிறகு போனால் அரைப்பேர், பாதி நாள் சம்பளந்தான். ஒரு நாள் காலை ஐவி என் வாசலில் நின்று அழுதாள். பிள்ளையின் நாடியிலும் அவளுடைய சட்டையிலும் மாத்திரைக் கரைசல் வழிந்து கிடந்தது.

நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"ஏன் புள்ள இப்பிடி அழுவுற? மாத்திரய எங்கிட்ட குடுத்துட்டு நீ பெரட்டுக்கு ஓடு. நான் பாத்துக்கிறேன்."

"வெறும் வயித்துல குடுக்கணும் மிஸ்."

"பதிமூணு வருசமா ஊரு புள்ளைகள வளக்குறேன். எனக்கு நீ சொல்லித்தாறியாக்கும்!"

எனக்கு ஒரு கைவித்தை இருந்தது. நிறை குறைந்த பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் சத்துமா என்று ஒரு பொட்டலம் கொடுப்பார்கள். சோளமும் சோயாவும் அரைத்து, இரும்புச்சத்து அது இதெல்லாம் கலந்த மா. அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து உருண்டை பிடிப்பேன். நடுவில் விரலால் ஒரு குழி. குழிக்குள் மாத்திரை. மேலே மூடிவிட்டால் எந்தப் பிள்ளையும் அடம் பிடிக்காமல் விழுங்கும். எனக்கு முன்னால் இருந்த ஆயா அப்படித்தான் செய்தார். இந்தத் தோட்டத்தில் இரண்டு தலைமுறைக்குப் பூச்சி மாத்திரை அந்த வழியாகத்தான் உள்ளே போனது. ஒரு முறை விசிட் வந்த பெரிய டொக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கை தட்டினார். அந்தக் கைதட்டல் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

அனுஷ்கா உருண்டையை ஆசை ஆசையாகத் தின்றாள். நான் காலை ஆறே முக்காலுக்குக் கொடுப்பேன். ஞாயிறு, லீவு நாளில் ஐவி அந்த நேரத்துக்குப் பிள்ளையை என் வீட்டுக்குத் தூக்கி வருவாள். வெறும் வயிற்றில் என்றால், காலையில் எதையும் சாப்பிடுமுன் என்று நான் எடுத்துக்கொண்டேன். முதலில் வாய்க்குள் போனது உருண்டைதானே? சத்துமாவைச் சாப்பாடு என்றே நான் நினைக்கவில்லை. மாத்திரையும் சத்துமாவும் ஒரே கிளினிக்கில், ஒரே நாளில், ஒரே பையில் வந்தன. ஒன்றை மற்றதோடு சேர்க்காதே என்று அந்தப் பையைக் கொடுத்தவர்களில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரை சின்னக் காகித உறையில் வரும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற விளக்கத் துண்டு எங்கள் கைக்கு வருவதே இல்லை. வந்தாலும் அது இங்கிலீஷில் இருக்கும்.

அடுத்த ரிப்போர்ட் மோசமாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் மோசம். அரை மாத்திரை ஒன்றாகியது, ஒன்றரையாகியது, இரண்டாகியது. பிள்ளை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இருபத்து மூன்றாம் மாதத்தில்தான் நடந்தாள். மூன்று வயதில் எட்டு வார்த்தை பேசினாள், நான் எண்ணியிருக்கிறேன். தோல் வறண்டு கிடக்கும், வெயில் அடித்தாலும் கைகால் சில்லிட்டிருக்கும். நாலு நாளைக்கு ஒரு முறை வெளிக்குப் போக முக்கி முக்கி அழுவாள். அதற்குமட்டுந்தான் அழுவாள். மற்ற நேரமெல்லாம் உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள், இல்லையென்றால் தூங்குவாள். வருகிறவர்களிடம் நானே அவளைக் காட்டி, "தங்கமான புள்ள, ஒரு கரச்சல் இல்ல" என்று சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஐவி விடியக்காலை பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போவாள். அங்கே நடப்பது எப்போதும் ஒன்றுதான்.

"பெஹெத் தெனவத?" மருந்து கொடுக்கிறாயா என்று டொக்டர் சிங்களத்தில் கேட்பார்.

"தெனவா சேர்." கொடுக்கிறேன் என்பாள் ஐவி.

"பொரு கியன்ட எப்பா." பொய் சொல்லாதே.

ஐவிக்குச் சந்தைச் சிங்களம் தெரியும், காய்கறிக்கு விலை பேசத் தெரியும். பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கிற அளவுக்கு அவளுக்குச் சிங்களம் போதவில்லை. ஆகவே அவள் ஒரு வேலை செய்தாள். திகதி எழுதிய மருந்து உறைகளையெல்லாம் ஒன்று விடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்து, ஒரு நாள் டொக்டரின் மேசையில் கொட்டிக் காட்டினாள். மருந்தைக் குப்பையில் கொட்டிவிட்டு உறையை மட்டும் கொண்டுவரலாம்தானே என்று அவர் நர்ஸிடம் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குத்தான் அந்த நீல மை வரி விழுந்தது. 'கொடுக்கிறாயா' என்று மூன்றரை வருடத்தில் பதினாலு தடவை கேட்டார்கள். 'எதோடு கொடுக்கிறாய், யார் கொடுக்கிறார்கள்' என்று ஒரு தடவை கேட்டிருந்தால் எல்லாம் அன்றே தீர்ந்திருக்கும். தோட்டத்துப் பொம்பிளை என்றால் ஒன்று தெரியாதவள், இல்லையென்றால் பொய்க்காரி; மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அந்த மேசையில் யாருக்கும் தோன்றவில்லை.

அவர்களை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் ஐவி தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்.

"மிஸ்... நீங்க குடுக்குறீங்கதானே?"

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "என்னயவே சந்தேகப்படுறியா? நன்றி கெட்டவளே! நாளையிலருந்து நீயே குடுத்துக்க" என்று பிள்ளைகள் முன்னாலேயே கத்தினேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்து, "மன்னிச்சிருங்க மிஸ்" என்றாள். நான் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். மன்னித்துவிட்டு அடுத்த நாள் காலை உருண்டை பிடித்தேன்.

போன வருடம் நவம்பர் கடைசியில் அந்தப் புயல் மழை வந்தது. பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னாலிருந்த மேட்டில் பிளவு விழுந்தது. ஆபிசர்மார் வந்து அபாயம் என்று கதவில் நோட்டிஸ் ஒட்டிப் பூட்டிவிட்டார்கள். பாதை உடைந்து லொறி வராததால் மலையில் வேலையும் இல்லை, கிளினிக்கிலிருந்து சத்துமாவும் இல்லை. ஆறு வாரம் ஐவி லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், தன் காம்பராவிலேயே பிள்ளையோடு இருந்தாள். மாத்திரை மட்டும் கையில் இருந்தது. நாலே முக்கால் வயதுப் பிள்ளை இப்போது அவ்வளவு துப்பவில்லை. ஐவி பழையபடி விடியக்காலையில் எழுப்பி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள்.

இரண்டாம் வாரம் அனுஷ்கா கதவைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு, "அம்மா, மழ வுட்டுருச்சு" என்றாள். அவளுடைய ஆயுளில் முதல் முழு வாக்கியம். ஐவி பாதி தோய்த்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, "என்னாம்மா சொன்ன? இன்னொருக்கா சொல்லு" என்று கேட்டுக் கேட்டு அழுதாளாம். மூன்றாம் வாரம் பிள்ளை லயத்து வாசலில் ஓடியது. கைகால் சூடாக இருந்தது. நாலாம் வாரத்தில் ஆட்டம் மாறியது. இரவெல்லாம் தூங்கவில்லை, அந்தக் குளிரில் வேர்த்துக் கொட்டியது, வயிறு போனது, நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடித்தது. ஐவி பயந்து, பாதை திறந்ததும் பஸ் பிடித்து ஓடினாள்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர், மருந்து அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது என்றார். பிறகு துப்பறிந்து கண்டுபிடித்தவர் மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் கொடுக்காததால் டோஸைக் கூட்டிக்கொண்டே போனோம், இப்போது வீட்டில் சும்மா இருந்தபடியால் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறாய், அதுதான் மிஞ்சிவிட்டது. அப்படியென்றால் முன்னால் நீ சொன்னதெல்லாம் பொய்தானே? இதை நர்ஸ் ஒருத்தி தமிழில் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை குணமானதையே தாய்க்கு எதிரான சாட்சியாக்கினார்கள். டோஸைக் குறைத்து எழுதிவிட்டு, சிறுவர் விவகாரம் பார்க்கிற அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் போட்டார். அடுத்த மாதம் விசாரணை. தாய் கவனிக்காவிட்டால், வேளைக்கு மருந்து கொடுக்கிற ஒரு பிள்ளைகள் இல்லத்தில் அனுஷ்காவைச் சேர்ப்பதாம்.

பிள்ளைக்காம்பராவை அப்போது பழைய டிஸ்பென்சரிக் கட்டடத்தில் திறந்திருந்தோம். விசாரணைக்கு வரச்சொல்லி வந்த கடிதத்தை ஐவி என் கையில் தந்தாள். அவள் அழவில்லை, முகம் செத்துப் போயிருந்தது.

"எம்புள்ளய பறிச்சிக்கிட்டுப் போயிருவாங்களா மிஸ்? நான் என்னா புதுசா செஞ்சேன்? அதே மாத்திர. அதே கணக்கு. ஒங்க உருண்டை இல்லாம தண்ணில குடுத்தேன். அவ்வளவுதான்."

அன்றைக்குச் சத்துமா வந்திருந்தது. என் கையில் பாதி பிடித்த உருண்டை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் தலவாக்கலைக்குப் போனேன். மருந்துக்கடையில் நின்றவரிடம் மாத்திரை உறையையும் சத்துமாப் பொட்டலத்தையும் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஐயையோ, சேக்கவே கூடாது மிஸ். இதுல சோயாவும் இரும்பும் கல்சியமும் இருக்கு. மாத்திரய ஒடம்புல சேரவுடாது. நாலு மணித்தியாலமாவது தள்ளிக் குடுக்கணும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுக்கத் திரும்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடப் பேச்சை மூன்றரை வருடம் யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு கோயிலில் இந்தப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மூன்று செபமாலை சொல்லச் சொன்னார். மனசு லேசாகிச் சங்கீர்த்தனக் கூண்டிலிருந்து வெளியே வந்தால், ஐவி கடைசி வாங்குப் பலகையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு முழங்காலில் நிற்பவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. சொல்லவேண்டியவளை விட்டுவிட்டு ஆண்டவரிடம் சொன்னால் அது என்ன சங்கீர்த்தனம்?

தோட்டத்து நலன்புரி ஆபிசர் பிரதாப்பிடம் திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னேன். நல்ல பையன், நாக்கு மட்டும் வழுக்கும்.

"மிஸ், வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க. ஒங்க வேலயும் போவும், தோட்டத்து பேரும் கெடும். நான் ஒரு பேப்பர் எழுதி வச்சிருக்கேன். 'நான் தவறவிட்டுட்டேன், இனிமே ஒழுங்கா குடுக்குறேன்'னு. அந்தப் பொம்பள ஒரு கையெழுத்து வச்சான்னா புள்ளய அவகிட்டயே வுட்டுருவாங்க. யாருக்கும் நட்டமில்ல."

"அவளுக்கு நட்டமில்லயா சேர்?"

"புள்ள கிடைக்குது இல்ல?"

அவனைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? இரண்டு ராத்திரி அந்தப் பேப்பர் எனக்கும் வசதியாகத்தான் தெரிந்தது. ஐவி கையெழுத்து வைத்தால் நான் பிழைத்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

விசாரணை அன்று பஸ்ஸில் ஐவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். லியனார்டுக்கு லீவு கிடைக்கவில்லை. அனுஷ்கா அவள் மடியில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எதிரே வரும் வண்டிகளை எண்ணினாள். மூன்றுக்குப் பிறகு எட்டு என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். உருண்டை, சோயா, மருந்துக்கடைக்காரர், பிரதாப்பின் பேப்பர், ஒன்றையும் விடவில்லை. ஐவி நானுஓயா வரும்வரை பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நான் கேட்டப்ப கத்துனீங்களே மிஸ். அன்னிக்காவது யோசிச்சீங்களா?"

"இல்ல புள்ள."



அலுவலகத்தில் ஒரு நீள மேசை. சிறுவர் விவகார அதிகாரி அம்மா, டொக்டர், பிரதாப். பிரதாப் பேப்பரை ஐவியின் பக்கம் தள்ளி, பேனாவையும் மேலே வைத்தான். ஐவி கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் ஒரு நாளும் தவறவுடல. இதுல கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றாள். வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று தெரியுமா என்று அதிகாரி அம்மா கேட்டார். "தெரியும்" என்றாள் ஐவி. கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

நான் எழும்பினேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும், ஆகவே பேசவில்லை. பையிலிருந்து சத்துமாப் பொட்டலத்தையும் ஒரு தட்டையும் எடுத்து அந்த மேசையில் வைத்தேன். மாவைக் கொட்டி, அவர்களுடைய போத்தல் தண்ணீரையே தெளித்து, உருண்டை பிடித்தேன். விரலால் குழி போட்டேன். மாத்திரையை வைத்து மூடி, டொக்டரின் கண்ணாடிக்கு நேரே நீட்டினேன்.

"இப்பிடித்தான் டொக்டர் போச்சு ஒங்க மருந்து. ஒவ்வொரு நாளும். குடுத்தது நான். இவ இல்ல."

டொக்டருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். உருண்டை புரிந்தது. பொட்டலத்தை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தை நெடுநேரம் படித்தார். 

"யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்று சிங்களத்தில் சொன்னார்.

"யாரும் கேக்கலயே!" என்று கத்திவிட்டேன். வெளியே வராந்தாவில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "பதினாலு தடவ கூப்புட்டீங்க. பொய்க்காரின்னு எழுத நேரம் இருந்திச்சு. எதுல வச்சு குடுக்குறன்னு கேக்க நேரம் இல்லயா? மாவக் குடுத்ததும் நீங்கதான், மாத்திரயக் குடுத்ததும் நீங்கதான்!"

பிரதாப் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். அதிகாரி அம்மா அந்தப் பேப்பரை இரண்டாகக் கிழித்தார். பிள்ளையைப் பிரிப்பது பற்றி இனிப் பேச்சில்லை என்றார். நான் நாற்காலியில் விழுந்தேன். எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. அந்த நினைப்பு எனக்கு இரண்டு நிமிடம்தான் நிலைத்தது.

ஐவி டொக்டரிடம், "கொறஞ்சு போனது திரும்பி வருமா சேர்?" என்று கேட்டாள்.

அதிகாரி அம்மா அதைச் சிங்களத்தில் சொன்னார். டொக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். இனி நன்றாக வளர்வாள், உயரம் பிடித்துவிடும், ஓடுவாள், விளையாடுவாள், பேச்சு வரும். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் சிரமப்படுவாள், தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். முதல் மூன்று வருடத்தில் நடந்திருக்கவேண்டியது மட்டும்... அவர் முடிக்கவில்லை. அதிகாரி அம்மா மொழிபெயர்க்காமல் நிறுத்தினார். ஐவிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. முதல் மூன்று வருடம் என்பதை அவள் பன்னிரண்டாம் நாளிலிருந்து மனப்பாடமாக வைத்திருந்தாள்.

அவள் கிளினிக் கொப்பியைப் பதினோராம் பக்கத்தில் திறந்து டொக்டர் முன்னால் வைத்தாள். "இத வெட்டுங்க." எழுதியதை வெட்ட விதியில்லை, கீழே வேண்டுமானால் குறிப்பு எழுதலாம் என்றார். ஐவி கொப்பியை என் பக்கம் திருப்பினாள்.

"மிஸ் எழுதட்டும். தமிழ்ல எழுதட்டும். சேர் கீழ கையெழுத்து வைக்கட்டும்."

இருந்த இடத்தில் மூன்று வரி கொண்டது. 'இந்தப் பிள்ளைக்கு மாத்திரை ஒரு நாளும் தவறியதில்லை. தவறாகக் கொடுத்தது பிள்ளைக்காம்பரா பொறுப்பாளர் றொசானா. தாய் பொய் சொல்லவில்லை.' டொக்டர் கையெழுத்து வைத்தார். மிச்சத்தை எழுத அங்கே இடமில்லாததால்தான் இங்கே எழுதுகிறேன்.

விளக்கம் கேட்டுத் தோட்டத்து ஆபிஸ் எனக்கொரு கடிதம் தந்திருக்கிறது. வேலை போகுமோ இருக்குமோ தெரியாது. இந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடிதம் வந்த நாளிலிருந்து ஐவி மலைக்குப் போகாமல் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்தாள்; விசாரணைக்கு மறுநாள் காலையும் வர மாட்டாள் என்றுதான் இருந்தேன். ஆறே முக்காலுக்கு வந்தாள். வேறு எங்கே விடுவாள்? மலைக்குப் போகவேண்டும், தோட்டத்தில் இருப்பது ஒரே பிள்ளைக்காம்பரா. கூடை முதுகில் தொங்கியது. கையில் மாத்திரை இல்லை.

"அஞ்சு மணிக்கே குடுத்துட்டேன். சத்துமா பத்து மணிக்கு மேலதான்" என்றாள். மிஸ் என்று சொல்லவில்லை.

அனுஷ்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். எனக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு வாயை அகலத் திறந்தாள். மூன்றரை வருடப் பழக்கம். என் கை வெறுமையாக இருந்தது. "பத்து மணிக்குத் தர்றேன் கண்ணு" என்றேன். அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், மறுபடி மூடினாள், வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள். பிறகு தரையில் விழுந்து, முன்பு ஒரு நாளும் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள்.

தலையை நிமிர்த்தினேன். ஐவி போகவில்லை. படியில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரட்டுக்கு நேரமாச்சு புள்ள" என்றேன்.

 கீழே பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஐவி என்று ஒரு முறை கேட்டது, இரண்டாம் முறையும் கேட்டது. அவள் என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிள்ளை அழுது ஓய்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்த பிறகுதான் படியிறங்கிப் போனாள்.

அன்றைக்கு ஐவிக்கு அரைப்பேர்.